வடை வந்துருச்சுங்களா?

முதலில் வேண்டியது ஒரு டிரம். பழைய 200 லிட்டர் எண்ணெய் டிரம் எந்தப் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். அதில் முக்கால்வாசி மணல் நிரப்பி, கார் ஷெட்டின் நடுவில், சுற்றிலும் ஆள் நடக்க இடம் விட்டு நிறுத்த வேண்டும். கார் தெருவில் நிற்கட்டும். டிரம்மின் தலையில் ஒரு கனத்த பலகை. அதில் மூன்று மரக்கட்டைகள் பிடித்திருக்க, ஆறங்குல வட்டக் கண்ணாடி ஒன்று. அதன்மேல் அதே அளவில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கார்போரண்டம் பொடியும் தண்ணீரும். மேல் கண்ணாடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்துக்கொண்டு, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு, டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். வானம் பார்க்கும் தொலைநோக்கிக்கு ஆடி தேய்க்கிற வேலை இப்படித்தான் தொடங்குகிறது.

இரண்டு தட்டைக் கண்ணாடிகளை இப்படித் தேய்த்தால் ஆடியாகப் போகிற மேல் கண்ணாடி குழியும், கீழே இருப்பது புடைக்கும் என்று சொன்னால் புதிதாக வருகிறவர்கள் நம்புவதில்லை. மேல் கண்ணாடி பாதி வெளியே தள்ளி நிற்கும்போது அதன் பாரம் கீழ்க் கண்ணாடியின் விளிம்பில் விழுகிறது. அந்த விளிம்பின் மேல் அப்போது இருப்பது மேல் கண்ணாடியின் நடுப்பகுதி. ஆகவே மேலே நடுவும் கீழே ஓரமும் தேய்ந்துகொண்டே போகின்றன. இரண்டு பரப்புகளை எந்தப் பக்கம் நகர்த்தினாலும், எப்படித் திருப்பினாலும் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டுமென்றால் அவை கோளத்தின் துண்டுகளாகத்தான் இருந்தாக வேண்டும். எங்காவது மேடு மிஞ்சினால் பொடி அங்கேதான் அதிகம் கடிக்கும், மேடு கரைந்துவிடும். கையின் தடுமாற்றமும் இங்கே நமக்குச் சாதகம். ஒரே நீளத்துக்குத் தள்ளும் இயந்திரம் ஒரே இடத்தில் வளையமாகத் தடம் போட்டுவிடும். மனிதன் ஒரு தள்ளு நீட்டித் தள்ளுவான், ஒன்றைக் குறைத்துத் தள்ளுவான், நடுவில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதில் சொல்வான். எல்லாம் கலந்து சராசரியாகிப் பரப்பு சீராகிவிடும்.

எங்கள் கோவைக் கூட்டத்தில் எல்லோரும் தொடங்கும் அளவு ஒன்றுதான்: விட்டம் 150 மில்லிமீட்டர், குவியத் தூரம் 1200. குவியத் தூரம் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு என்பதால் எஃப் 8 என்போம். இதற்கு நடுவில் தோண்ட வேண்டிய ஆழம் 1.17 மில்லிமீட்டர்தான். விட்டத்தின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, அடியில் 1.2 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டை நுழைத்துப் பார்ப்போம். தட்டாமல் நுழைந்தால் முரட்டு வேலை முடிந்தது. அதையே வெயிலில் உறுதிப்படுத்தலாம். கண்ணாடியைத் தண்ணீரில் நனைத்துச் சூரியனுக்குக் காட்டினால் ஈரம் காயும் வரை அது பளபளக்கும்; எதிர்ச் சுவரில் ஒளிப்பொட்டு மிகச் சிறிதாகும் தூரத்தை டேப்பால் அளந்தால் அதுதான் குவியத் தூரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்கு வருகிறவர்கள் பலதரம். கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர். அவர் எங்களுக்கெல்லாம் டீச்சர். மோட்டார் வைண்டிங் கட்டுகிற தம்பி ஒருவன், பல் டாக்டர் ஒருவர், அவ்வப்போது வந்துபோகும் கல்லூரிப் பிள்ளைகள். இந்த ஊரில் இந்த வேலை செய்வதில் ஒரு வசதி உண்டு. தடித்த பிளேட் கண்ணாடியை வட்டமாக வெட்டித்தர வாட்டர்ஜெட் பட்டறை இருக்கிறது. நூறில் ஒரு மில்லிமீட்டர் காட்டும் டயல் கேஜ் எந்த லேத் பட்டறை அலமாரியிலும் கிடக்கும். ஃபவுண்டரிக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன்காரர்களிடம் கேட்டால் அரை மில்லிமீட்டர் பிசகாத வட்டப் பலகை கிடைக்கும். ஜி.டி. நாயுடு மின்சார சவர இயந்திரம் செய்த ஊர். கையால் எதையாவது செய்து பார்ப்பவனை இங்கே யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. வண்டியை வெயிலில் நிறுத்தி வைத்திருப்பதைத்தான் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

ஒருவரே வீட்டில் உட்கார்ந்து தேய்த்து முடிக்கலாமே, எதற்குக் கூட்டம் என்று கேட்பார்கள். மரவேலை என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். நாற்காலி ஆடுகிறதா இல்லையா என்று உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ஆடி அப்படி இல்லை. மெருகேறிய பிறகு நல்ல ஆடியும் மோசமான ஆடியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே பளபளக்கும். அதைச் சோதிப்பதற்கு வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையில் கிடைப்பது ஒரு நிழல், அந்த நிழலை வாசிப்பதற்குப் பழகிய கண் வேண்டும். தான் தேய்த்த கண்ணாடியைப் பார்க்கும் கண்ணோ, தான் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கும்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். அது லேத் முதலிய இயந்திரங்கள் செய்யும் ஊர். ஒருவகையில் நம் கோவைக்கு அண்ணன். ஆர்க்டிக் பயணங்களில் பங்குகொண்டு திரும்பியிருந்த ரஸ்ஸல் போர்ட்டர், 1920-ல் அங்கே ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் தொழிற்சாலை ஆட்கள். மெஷினிஸ்ட், பேட்டர்ன்காரர் என்று. 1923-ல் சங்கம் வைத்தார்கள், அடுத்த வருடம் ஒரு குன்றின்மேல் ஸ்டெல்லஃபேன் என்ற கூடம் கட்டினார்கள். 1925 நவம்பரில் ஆல்பர்ட் இங்கால்ஸ் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் அவர்களைப் பற்றி எழுதிய பிறகு நாடு முழுக்க வீட்டு நிலவறைகளிலும் ஷெட்டுகளிலும் கண்ணாடி தேய்க்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. 1926-ல் தொடங்கிய ஸ்டெல்லஃபேன் மாநாட்டில் இன்றைக்கும் ஆட்கள் தாங்கள் செய்த தொலைநோக்கியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அங்கே இயந்திர வேலைப்பாட்டுக்குத் தனிப் பரிசு, ஒளியியலுக்குத் தனிப் பரிசு. பார்வைக்கு அழகாக இருப்பதும் வானத்தை ஒழுங்காகக் காட்டுவதும் இருவேறு விஷயங்கள் என்பதை அந்தப் பிரிவினையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடி டிரம்முக்கு வருவோம். 80 நம்பர் முரட்டுப் பொடியில் தொடங்கி 120, 220, 320, 500 என்று மேலும் மேலும் நைசான பொடிக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையது விட்ட குழிகளை அழிக்கும். சத்தத்தை வைத்தே வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று சொல்லலாம். புதுப் பொடி போட்டதும் கரகரவென்று பல் கூசும். பொடி உடைய உடையச் சத்தம் இறங்கி இழுவை மட்டும் மிஞ்சும்; அப்போது கழுவிவிட்டு மறுபடி போட வேண்டும். விளிம்பைச் சாணைக்கல்லால் சாய்த்துவிட மறக்கக் கூடாது. கூர்விளிம்பிலிருந்து ஒரு சில்லு உதிர்ந்து நடுவே சிக்கினால் கீறல் விழும்.

நம்பர் மாற்றும் நாளில் ஷெட்டைக் கழுவுவது ஒரு சடங்கு. 500-க்குப் போன பிறகு எங்கேயோ ஒளிந்திருந்த 80 நம்பர் பொடி ஒன்றே ஒன்று வந்து விழுந்தால் பல வாரத்து வேலை போச்சு. வாளி, ஸ்பாஞ்ச், செய்தித்தாள் எல்லாம் மாற வேண்டும், சட்டையும்தான். நகக்கண்ணைக்கூடப் பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்வார் டீச்சர். இந்த விஷயத்தில் பல் டாக்டரை யாரும் மிஞ்ச முடியாது. கழுவிய சகதியைச் சாக்கடைக் குழாயில் ஊற்றிவிடக் கூடாது. கண்ணாடித் தூளும் பொடியும் வளைவுகளில் படிந்து இறுகிக்கொண்டால் பிளம்பரைத்தான் கூப்பிட வேண்டும். ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்குவதைக் காயவைத்துக் குப்பையில் போடுகிறோம்.

அடுத்தது மெருகு. அதற்கு வேண்டியது பிட்ச் என்ற கீல். ஆடி தேய்ப்பவர்களைப் பைத்தியமாக்குவதும், பிறகு விடாமல் பிடித்துக்கொள்வதும் இதுதான். உருக்கிய பிட்சைக் கீழ்த்தட்டின்மேல் ஊற்றி, இளஞ்சூட்டில் ஆடியை வைத்து அழுத்தி அதன் வளைவைப் பதித்து, கத்தியால் சதுரம் சதுரமாக வாய்க்கால் வெட்ட வேண்டும். மெருகுக்குப் போடுவது சீரியம் ஆக்சைடு, வெளிர் காவி நிறத் தூள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கும் மோனசைட்டில் சீரியம் உண்டு என்று டீச்சர் ஒருநாள் சொன்னதிலிருந்து லேத் பட்டறைக்காரர் அந்த டப்பாவைத் 'திருநீறு' என்றுதான் கூப்பிடுகிறார்.

பிட்ச் பார்வைக்குக் கல். சுத்தியால் அடித்தால் கண்ணாடிபோல் உடையும். ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்கும் திரவம். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் ஒரு புனலில் ஊற்றி வைத்த பிட்சிலிருந்து 2014 வரை ஒன்பது சொட்டுகள்தான் விழுந்திருக்கின்றன. எங்களுக்கு வேண்டியதும் அந்தக் குணமே: ஆடியின் வளைவுக்கு மெல்ல வளைந்துகொடுக்க வேண்டும், ஆனால் தள்ளும்போது குழையக் கூடாது. எவ்வளவு கடினம் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. டிசம்பர் காலையில் கச்சிதமாக இருக்கும் பிட்ச், ஏப்ரலில் வாய்க்கால்களை மூடிக்கொண்டு ஓரத்தில் வழியும். மேல்நாட்டுப் புத்தகங்களில் கொடுத்திருக்கும் பக்குவம் இங்கே உதவாது. கட்டைவிரல் நகத்தை அழுத்தி, தடம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆழம் பதிகிறது என்று பார்த்து, ரெசின் கூடவா விளக்கெண்ணெய் ஒரு சொட்டா என்று முடிவுசெய்ய வேண்டும். இதைப் பற்றி எங்களுக்குள் நடந்திருக்கும் வாக்குவாதத்தை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

வாரம் ஒருநாள் மட்டும் வேலை செய்கிறவனுக்கு இங்கே ஒரு லாபம் இருக்கிறது. தேய்த்த சூடு ஆடியில் தங்கும். சூடு இருக்கும்வரை கண்ணாடியின் வடிவம் பொய். ராத்திரி முழுக்க ஆறவிட்டுச் சோதித்தால்தான் உண்மை தெரியும். பிட்சையும் ஆடியோடு அழுத்திப் பொறுமையாகக் கிடக்கவிட்டால் பொருத்தம் கூடும். தினமும் நேரம் கிடைக்கிறவர்கள் ஆறுவதற்குள் மறுபடி கையை வைத்துவிடுகிறார்கள். இதைச் சொன்னால் வில்லியம் ஹெர்ஷலை எடுத்து வீசுவார் பல் டாக்டர். அவர் சொல்வதும் வாஸ்தவம். இசைக்கலைஞராகப் பிழைத்துக்கொண்டு பாத் நகரத்து வீட்டில் உலோக ஆடி தேய்த்த ஹெர்ஷல், ஒருமுறை 16 மணி நேரம் கையை எடுக்காமல் மெருகிட்டார்; தங்கை கரோலின் அவருக்கு உணவை வாயில் ஊட்டிவிட்டார். வீட்டின் எல்லா அறைகளும் பட்டறையாகிவிட்டன என்று கரோலின் எழுதியிருக்கிறார். 1781-ல் வீட்டின் அடித்தளத்திலேயே மூன்றடி ஆடி வார்க்கப் போய், உருகிய உலோகம் சிதறித் தரைக்கல்லெல்லாம் வெடித்துத் தெறித்தது. அதே வருடம் மார்ச் 13-ந் தேதி அந்த வீட்டுத் தோட்டத்திலிருந்துதான் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அந்தத் தொலைநோக்கியின் ஆடி 6.2 அங்குலம். எங்கள் அளவுதான். அவருடையது உலோகம், சீக்கிரம் மங்கும். ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். பிரகாசத்தில் எங்கள் ஆடிகள் அதைத் தாண்டும். வானத்தைத் திட்டம் போட்டு வரிசையாகத் துழாவியது அவருடைய கண். அதற்கு ஈடு சொல்ல எங்களிடம் யாரும் இல்லை.

சோதனைக்கு வருவோம். ஊசல் கட்டிப் பூமி சுழல்வதைக் காட்டினாரே லியோன் ஃபூக்கோ, அவர் 1858-ல் சொன்ன முறை. இதற்குத்தான் கார் ஷெட் பொருத்தமான இடம். எட்டடிக்கு மேல் நீளம் வேண்டும், ஷட்டரை இறக்கினால் இருட்டாக வேண்டும், காற்று அசையக் கூடாது. எங்கள் ஆடியின் வளைவு மையம் 2400 மில்லிமீட்டரில். அந்த இடத்தில் எல்இடி வெளிச்சத்தை ஒரு மெல்லிய பிளவு வழியே ஆடிக்கு அனுப்புகிறோம். முலாம் பூசாத கண்ணாடி அதில் நூற்றுக்கு நான்கு பங்கைத்தான் திருப்பி அனுப்பும், அதுவே ஏராளம். வெளிச்சம் திரும்பி வந்து குவியும் இடத்தில் ஒரு சவர பிளேடு. பிளேடுக்குப் பின்னால் கண். பிளேடை மெல்ல நகர்த்தி அந்தக் குவிப்பை வெட்ட வேண்டும்.

ஆடி சுத்தமான கோளமாக இருந்தால் எல்லா இடத்திலிருந்தும் வரும் வெளிச்சம் ஒரே இடத்தில் குவியும். பிளேடு வெட்டியதும் மொத்த வட்டமும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் சாம்பலாகும். ஓரிடம் லேசாக மேடாக இருந்தாலும் அங்கிருந்து வரும் கதிர் தவறிப்போகும்; அந்த இடம் வெளிச்சமாகவோ கருப்பாகவோ தனித்துத் தெரியும். பக்கவாட்டில் விளக்கு வைத்துப் பார்த்த மணல்மேடுபோல, கண்ணாடிமேல் மலையும் பள்ளமும் எழும்பி நிற்கும். உண்மையில் அந்த மலையின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு எல்இடி, ஒரு பிளேடு, பழைய லேத்திலிருந்து கழற்றிய கிராஸ் ஸ்லைடு: நாங்கள் செலவழித்தது இவ்வளவுதான்.

புதிதாக வருகிறவர்களுக்கு டீச்சர் முதலில் காட்டுவது கட்டைவிரல் வித்தை. ஆடியின்மேல் விரலை அரை நிமிடம் வைத்து எடுக்கச் சொல்வார். பிறகு பிளேடுக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தால் விரல் வைத்த இடத்தில் ஒரு குன்று முளைத்திருக்கும். விரல் சூட்டில் கண்ணாடி உப்பிய குன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தணிந்து கரையும். கையை ஆடிக்கு முன்னால் நீட்டினால் உள்ளங்கையிலிருந்து எழும் வெப்பக் காற்றுகூட அலையலையாகத் தெரியும். கல்லூரிப் பிள்ளை ஒருவன் இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஸ்டூலைவிட்டு எழவில்லை. "தம்பி, மத்தவங்களுக்கும் கொஞ்சம் வழி விடு கண்ணு" என்று லேத் பட்டறைக்காரர் எழுப்ப வேண்டியிருந்தது.

கோளம் கிடைத்தால் வேலை முடிந்துவிடாது. நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டுமானால் பரவளையம் வேண்டும். எங்கள் அளவில் இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும்: நடுவில் ஒட்டவைத்துப் பார்த்தால் ஓரத்தில் 0.00029 மில்லிமீட்டர். அந்தப் பொடிக் கணக்கைப் பிட்சின்மேல் நீளமான தள்ளுகளால், சீரியத்தால், கையால் எடுக்க வேண்டும். சரியாக வந்துவிட்டால், பிளேடை எழுபது சதவீத ஆரத்துக்கான இடத்தில் வைத்துப் பார்க்கும்போது நிழல் வடிவம் மாறும். நடுவே ஒரு பள்ளம், சுற்றிலும் உருண்டு எழுந்த வளையம், ஓரம் சரிவு. உளுந்து வடைதான், வேறு எதுவும் அல்ல. ஆகையால் எங்கள் ஷெட்டில் ஒருவர் ஆடியோடு நுழைந்தால் எழுகிற முதல் கேள்வி: "ஏனுங்க, வடை வந்துருச்சுங்களா?"

வடை வந்துவிட்டது என்று சொந்தக்காரர் சொன்னால் நாங்கள் நம்புவதில்லை. அளக்க வேண்டும். அட்டையில் சன்னல்கள் வெட்டிய முகமூடியை ஆடிமேல் மாட்டி, ஒவ்வொரு ஜோடி சன்னலும் ஒரே சமயத்தில் மங்கும் இடத்துக்குப் பிளேடைக் கொண்டுபோய், டயல் கேஜில் எண்ணைக் குறிக்க வேண்டும். விளக்கும் பிளேடும் சேர்ந்து நகரும் எங்கள் அமைப்பில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வித்தியாசம் 1.17 மில்லிமீட்டர் வர வேண்டும், எழுபது சதவீதத்தில் அதில் பாதி. எண்ணைக் குறிப்பவர் சொந்தக்காரராக இருக்கக் கூடாது என்பது முதல் விதி. இரண்டு பேர் தனித்தனியாக எடுக்க வேண்டும், ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்பது அடுத்த விதி. மோட்டார் வைண்டிங் தம்பியின் கண் அபாரம். நாள் முழுக்க மெல்லிய கம்பி சுற்றும் கண்ணாயிற்றே. டீச்சருக்கு நிதானம் அதிகம். இருவர் எண்ணும் ஒத்துவந்தால் அதை ஏற்றுக்கொள்கிறோம். ஒத்துவராவிட்டால் மின்விசிறியை நிறுத்தி, டீ குடித்துவிட்டு, காற்று அடங்கிய பிறகு மறுபடி.

இப்படிப் பழகியதால் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. முலாம் பூசி, குழாயில் மாட்டி, பெயிண்ட் அடித்துக் கொண்டுவரும் தொலைநோக்கியைப் பார்த்து "நல்லாருக்குங்க" என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. அது முடிந்துபோன வேலை. பாதியில் நிற்கும் கண்ணாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு வருகிறவரிடம்தான் பேச விஷயம் இருக்கிறது. ஓரம் கவிழ்ந்திருந்தால் தள்ளு நீளமா, பிட்ச் இளகலா, கை ஓரத்தில் அழுத்துகிறதா என்று மூன்று பேர் மூன்று காரணம் சொல்வோம். டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அவர் தள்ளுவதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கட்டைவிரலை விளிம்பில் ஊன்றித் தள்ளுகிற பழக்கம் எத்தனையோ பேருக்கு உண்டு. தள்ளுகிறவருக்கே அது தெரியாது. ஷெட்டில் நாங்கள் பகிர்ந்துகொள்வதில் எனக்கு மதிப்பானது இந்தப் பார்வைதான்.

பணக் கணக்கையும் பேசிவிடலாம். இதில் மிச்சம் எதுவும் இல்லை. ஆறங்குலத் தொலைநோக்கியைப் பெட்டியோடு வாங்கிவிடலாம், பல சமயம் அதன் ஆடியும் நன்றாகவே இருக்கும். கண்ணாடி, பொடிகள், பிட்ச், சீரியம், வெற்றிடப் பெட்டியில் அலுமினிய முலாம் பூசும் கூலி, வாங்கியே ஆக வேண்டிய கண்ணருகு வில்லை, சாய்ந்த சிற்றாடி எல்லாம் கூட்டினால் பெட்டி விலையை நெருங்கிவிடும். உடம்புழைப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆகவே மலிவாகச் செய்யலாம் என்று ஆசைகாட்டி யாரையும் நாங்கள் அழைப்பதில்லை.

தொலைநோக்கியை ஏந்தி நிற்கும் தாங்கியில் மட்டும் மிச்சம் பிடிக்கலாம், அதற்கு ஜான் டாப்சனுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த மடத்தில் 1944-ல் சேர்ந்து 23 வருடம் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியை வாங்கி மடத்திலேயே ஆடி தேய்த்தார். தொலைநோக்கியும் கையுமாக அடிக்கடி வெளியே போகிறார் என்று கடைசியில் மடத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நடைபாதையில் தொலைநோக்கியை நிறுத்திப் போவோர் வருவோருக்கெல்லாம் சனிக்கிரகம் காட்டினார். அவர் கொண்டுவந்த தாங்கி வெறும் பிளைவுட் பெட்டி. உராயும் இடத்தில் ஒரு பக்கம் லேமினேட் தகடு, மறுபக்கம் டெஃப்லான் துண்டு. விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். சன்மைக்கா ஒட்டத் தெரிந்த எந்த ஆசாரியும் ஒரு நாளில் செய்து தருவார். பித்தளையும் பல்சக்கரமும் போட்டுத் தாங்கி செய்கிறவர்களும் எங்களில் உண்டு. அவர்கள் தாங்கியைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆடி அலமாரியில் இருக்கிறது.

பெரிய இடங்களும் இப்படித்தான் தொடங்கின என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம். ஜவ்வாது மலைக் காவலூரில் வானியலாளர் வேணு பாப்பு நிறுவிய ஆய்வகத்தின் முதல் கருவி கொடைக்கானல் பட்டறையில் கட்டிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. பிற்பாடு 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் ஆடியை இந்தியாவிலேயே, பெங்களூரில் தேய்த்து எடுத்தார்கள். பிட்சும் பொறுமையும் அங்கேயும் வேண்டியிருந்திருக்கும். காவலூர் போய்வந்த லேத் பட்டறைக்காரர், வந்த வாரமே அடுத்து 8 அங்குலம்தான் என்று அறிவித்துவிட்டார்.

அதில்தான் இப்போது தகராறு. குவியத் தூரம் அதே 1200 இருக்கட்டும், குழாய் நீளாமல் காரில் ஏறும் என்பது அவர் வாதம். அப்படியென்றால் எஃப் 6. டீச்சர் சாக்பீஸை எடுத்து ஷட்டரிலேயே கணக்குப் போட்டார். வளைவு ஒன்றேதான், ஆனால் விட்டம் கூடியதால் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.0009 மில்லிமீட்டர், ஆறங்குலத்தில் இருந்ததைப்போல் மூன்று மடங்கு. "ஆறங்குலம் எஃப் 8-ல கோளமா விட்டாக்கூட ஏறக்குறைய பாஸ் ஆயிரும். உங்க முதல் மிரர் தப்பிச்சது அதனாலதான். இது மன்னிக்காதுங்க" என்றார். "மூணு மடங்குதானுங்க டீச்சர், முப்பது மடங்கு இல்லையே" என்று அவர் சிரிக்கிறார். எனக்கு டீச்சர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் 200 மில்லிமீட்டர் வட்டம் இரண்டு, வாட்டர்ஜெட் பட்டறைக்குப் போயாயிற்று. தம்பி முகமூடிக்குப் புது அட்டை வெட்டத் தொடங்கிவிட்டான். டிசம்பர் குளிருக்குள் பிட்ச் ஊற்றிவிட வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.